சேப்பாக்கம் அரண்மனை: கடனால் கைமாறிய மாளிகை

 

சென்னைக்குச் சென்று வந்தவர்களில் கடற்கரைச் சாலையைக் காணாதவர்கள் இருக்க முடியாது. அச்சாலையில், பல்கலைக்கழகக் கட்டிடங்களையும் அரசு அலுவலகங்களையும் ஒட்டி, சிவந்த செங்கற் சுவர்களும் குமிழ் போன்ற சிறு குவிமாடங்களும் உயர்ந்த கோபுரமும் கொண்ட பழைய கட்டிடத் தொகுதி ஒன்று மரங்களுக்கிடையே நிற்கிறது. சேப்பாக்கம் என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் மைதானம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த மைதானமும் ஒரு காலத்தில் அந்த மாளிகையின் தோட்டத்தைச் சேர்ந்த நிலமே என்பதையும், அந்த மாளிகை ஒரு முஸ்லிம் ஆட்சியாளரின் இல்லமாக இருந்தது என்பதையும் நம்மில் எத்தனை பேர் நம் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்?

முன்னோர் விட்டுச் சென்ற கட்டிடங்களைக் கண்டு பெருமைப்படுவதற்காக மட்டும் அல்லாஹுத் தஆலா பூமியில் சுற்றிப் பார்க்கும்படி நமக்குக் கூறவில்லை. முன்னிருந்தோரின் முடிவு எவ்வாறு இருந்தது என்று சிந்திக்கவே கூறுகிறான். அந்த நோக்கோடு சேப்பாக்கம் மாளிகையின் வரலாற்றைப் பார்ப்போம். அது ஒரு கட்டிடத்தின் வரலாறு மட்டுமன்று; ஒரு கடனின் வரலாறும் ஆகும்.

மாளிகை எழுந்த கதை

ஆற்காட்டு நவாபாக இருந்த அன்வருத்தீன் கான் 1749-இல் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முஹம்மது அலீ திருச்சிராப்பள்ளியில் தஞ்சம் புகுந்தார். பதவிக்குப் போட்டியிட்டவர்களுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் துணை நின்றார்கள். முஹம்மது அலீக்கு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி துணை நின்றது. நீண்ட போர்களுக்குப் பின், 1763-இல் ஏற்பட்ட பாரிஸ் உடன்படிக்கையில் அவரே முறையான நவாப் என ஏற்கப்பட்டார். 1765-இல் தில்லி முகலாயப் பேரரசர் ஷா ஆலம் அவருக்கு 'வாலாஜா' என்னும் பட்டத்தை வழங்கினார். சென்னையின் வாலாஜா சாலை இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால், கம்பெனி செய்த உதவி இலவசமானதன்று. படைகளின் செலவு முழுவதும் நவாபின் கணக்கில் எழுதப்பட்டது. தமக்குப் பாதுகாப்பு ஆற்காட்டில் இல்லை, ஆங்கிலேயரின் கோட்டைக்கு அருகில்தான் இருக்கிறது என்று நவாப் எண்ணினார். முதலில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே அரண்மனை கட்ட நினைத்தார், அது கைகூடவில்லை. பின்னர் கோட்டைக்குத் தெற்கே, கூவம் ஆற்றுக்கு அப்பால், சேப்பாக்கத்தில் பரந்த நிலத்தை வாங்கினார். 1768-இல் அங்கே அரண்மனை நிறைவுற்றது. சுற்றிலும் மதில் எழுப்பப்பட்ட அந்த வளாகம் ஏறத்தாழ 117 ஏக்கர் பரப்புடையது என்பர். அக்காலத்தில் அதற்கும் கடலுக்கும் இடையே இன்றுள்ள சாலையும் இல்லை, கட்டிடங்களும் இல்லை. மாளிகையிலிருந்து பார்த்தால் கடல் தெரியும்.

மாளிகை இரு பகுதிகளைக் கொண்டது. ஒன்று கலஸ் மஹால். மற்றொன்று ஹுமாயூன் மஹால். ஹுமாயூன் மஹாலில் நவாபின் 'திவான் கானா' எனும் அரசவை மண்டபம் அமைந்திருந்தது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய கனத்த சுவர்கள், வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும் உயர்ந்த வளைவுகள், மர உத்திரங்களின் மேல் செங்கற்களை அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய தளம் என்று இந்நாட்டின் தட்பவெப்பத்திற்கு ஏற்றவாறு அது கட்டப்பட்டது. முஸ்லிம் கட்டிடக் கலையின் குவிமாடமும் வளைவும் ஐரோப்பியரின் கட்டுமான முறையோடு அங்கே கலந்தன. 'இந்தோ சாரசெனிக்' என்று பின்னாளில் பெயர் பெற்ற பாணியின் தொடக்க கால எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் இதைக் கருதுகிறார்கள்.

இந்த மாளிகையை வடிவமைத்தவர் பால் பென்ஃபீல்டு என்னும் ஆங்கிலேயர் என்று வழிவழியாகக் கூறப்பட்டு வருகிறது. கம்பெனியின் ஊழியராகச் சென்னைக்கு வந்த அவர் கட்டிடத் தொழிலும் செய்தார். வட்டித் தொழிலும் செய்தார். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் பெயர் பெற்றவர் அவரே!

வட்டி வளர்ந்த விதம்

கம்பெனிக்குச் செலுத்த வேண்டிய தொகைக்காகவும், தம் அரசவையின் செலவுக்காகவும் நவாப் கடன் வாங்கினார். கொடுத்தவர்கள் பெரும்பாலும் அதே கம்பெனியின் ஊழியர்கள். குறைந்த சம்பளம் பெற்று வந்தவர்களுக்கு நவாபின் கடன் பத்திரம் பெரும் செல்வத்திற்கு வழியாயிற்று. 1767-இல் தொகுக்கப்பட்ட கடனுக்கு வட்டி நூற்றுக்கு 10. 1777-இல் தொகுக்கப்பட்ட கடனுக்கு வட்டி நூற்றுக்கு 12. வட்டிக்கு வட்டி சேரும்போது, நூற்றுக்கு 12 என்ற கணக்கில் ஒரு கடன் ஏறத்தாழ 6 ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும் என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்தக் கடனுக்கு ஈடு எது? அங்கேதான் நம் நெஞ்சம் பதறுகிறது. ஈடாக எழுதிக் கொடுக்கப்பட்டது நவாபின் நகையோ, மாளிகையின் பளிங்கோ அன்று. மாவட்டங்களின் நிலவரி ஈடாக்கப்பட்டது. அதாவது உழவனின் களத்து நெல்! கடன் வாங்கியவர் மாளிகையில் இருந்தார்; அடைத்தவன் வயலில் நின்றான்.

1773-இல் நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சையைக் கைப்பற்றினார். அதன் வருவாய் பென்ஃபீல்டு போன்றோருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. 1776-இல் கவர்னர் பிகாட் பிரபு, இலண்டனிலிருந்து வந்த உத்தரவின்படி தஞ்சையை அதன் அரசரிடமே திருப்பிக் கொடுத்தபோது பென்ஃபீல்டு எழுந்து வந்தார். தமக்கு 2 இலட்சத்து 30 ஆயிரம் பவுனுக்கு மேல் வர வேண்டும் என்றார்; வயலில் நின்ற பயிரின் மீதும் உரிமை கோரினார். கடன் கொடுத்தவர்களின் பக்கம் சாய்ந்த ஆலோசனைச் சபை உறுப்பினர்கள் அவ்வாண்டு ஆகஸ்டில் தங்கள் கவர்னரையே கைது செய்தார்கள். காவலில் இருந்தபடியே 1777-இல் பிகாட் இறந்தார்.

இந்தச் செய்தி இலண்டன் பாராளுமன்றத்தையும் எட்டியது. 1785 பிப்ரவரி 28-இல் எட்மண்டு பர்க் 'ஆற்காட்டு நவாபின் கடன்கள்' பற்றி நிகழ்த்திய நீண்ட உரை இன்றும் வரலாற்று மாணவர்களால் படிக்கப்படுகிறது. முறையான விசாரணை இன்றியே அக்கடன்களை அரசு ஏற்றுக்கொண்டதை அவர் கண்டித்தார். ஆயினும் முடிவு மாறவில்லை. பிற்காலத்தில் ஆணையம் ஒன்று அமைத்து, நவாபின் மீது சொல்லப்பட்ட கடன்களை ஆராய்ந்தபோது, சுமார் 3 கோடி பவுனுக்கு உரிமை கோரி விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் பத்தில் ஒரு பங்குகூட மெய்யானது என்று ஏற்கப்படவில்லை!

பொய்ப் பத்திரம் எழுதியவர்கள் குற்றவாளிகளே. கம்பெனியின் பேராசையை எவராலும் மறைக்க முடியாது. ஆனால், பொய் நுழையும் அளவுக்கு அந்தக் கணக்குகளில் வாசல் திறந்து கிடந்தது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று எண்ணிப் பாருங்கள். தொழுகையைப் பற்றியதன்று; நோன்பைப் பற்றியதன்று. கடனை எழுதி வைப்பது பற்றியது (2:282). தவணையைக் குறிப்பிட வேண்டும்; எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும்; சாட்சிகள் வேண்டும்; தொகை சிறியதானாலும் பெரியதானாலும் எழுதச் சலிக்கக் கூடாது என்றெல்லாம் அவ்வசனம் கற்பிக்கிறது. அதற்குச் சற்று முன்னுள்ள வசனங்கள் வட்டியைத் தடுத்து, அதை விடாதவர்கள் மீது அல்லாஹ்வும் அவன் தூதரும் போர் அறிவிப்பதாக எச்சரிக்கின்றன (2:275-279). இந்த வசனங்களை அடுத்தடுத்து அல்லாஹ் வைத்திருப்பது ஏன் என்பதற்குச் சேப்பாக்கம் மாளிகையே ஒரு விளக்கவுரை.

கைமாறிய மாளிகை

முஹம்மது அலீ வாலாஜா 1795 அக்டோபரில் காலமானார். அவர் மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் காலமானார். நவாப் குடும்பம் திப்பு சுல்தானுடன் இரகசியமாகக் கடிதத் தொடர்பு வைத்திருந்தது என்று குற்றம் சாட்டி, கம்பெனி நாட்டைக் கேட்டது. அவருடைய மகன் அலீ ஹுசைன் அந்நிபந்தனைகளை ஏற்க மறுத்தார். எனவே அக்குடும்பத்தின் மற்றொருவரான அஸீமுத் தவ்லாவை நவாபாக்கி, 1801 ஜூலை 31-இல் உடன்படிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். ஆட்சி முழுவதும் கம்பெனிக்கு. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு நவாபுக்கு. அன்று முதல் சேப்பாக்கம் மாளிகையில் பட்டம் இருந்தது; ஆட்சி இல்லை.

1855-இல் நவாப் குலாம் முஹம்மது கவ்ஸ் கான் ஆண் வாரிசின்றி இறந்தபோது அந்தப் பட்டமும் பறிக்கப்பட்டது. நவாபின் கடன்களைத் தீர்ப்பது என்ற பெயரில் மாளிகை ஏலத்திற்கு வந்தது. 1859-இல் அதை வாங்கியது சென்னை அரசாங்கமே! எந்தக் கோட்டையின் நிழலில் பாதுகாப்புத் தேடி மாளிகை கட்டப்பட்டதோ, அந்தக் கோட்டையே மாளிகையை எடுத்துக்கொண்டது.

அதன்பின் அங்கே அலுவலகங்கள் வந்தன. இராபர்ட் சிஷோம் என்னும் கட்டிடக் கலைஞர் மாளிகையில் மாற்றங்கள் செய்து, இரு மஹால்களுக்கும் இடையே இன்று நாம் காணும் கோபுரத்தை எழுப்பினார். நவாப் குடும்பத்தின் அஸீம் ஜாவுக்குப் பின்னர் 'ஆற்காட்டு இளவரசர்' என்ற பட்டம் தரப்பட்டது. இராயப்பேட்டையில் கம்பெனி அலுவலகத்திற்காக 1798-இல் கட்டப்பட்டுப் பின் காவல் நீதிமன்றமாக இயங்கிய கட்டிடம் அக்குடும்பத்திற்கு ஒதுக்கப்பட்டது. அதை இல்லமாக மாற்றியமைத்தவரும் சிஷோமே. 1876-இல் குடும்பம் அங்கே குடியேறியது. அதுவே இன்றைய அமீர் மஹால். நவாபின் மாளிகை அலுவலகமானது. அலுவலகம் நவாப் குடும்பத்தின் இல்லமானது!

தோட்டங்களையும் நீரூற்றுகளையும் பயிர்களையும் சிறந்த இருப்பிடங்களையும் எத்தனையோ பேர் விட்டுச் சென்றார்கள். அவற்றை அல்லாஹ் வேறொரு கூட்டத்திற்கு உரிமையாக்கினான் என்ற கருத்தை அத்துகான் அத்தியாயம் (44:25-28) நினைவூட்டுகிறது. அதை ஓதும்போது நாம் ஃபிர்அவ்னை மட்டுமே நினைக்கிறோம்.

கடன் கொடுத்துக் கோடிகளைக் குவித்த பென்ஃபீல்டின் முடிவு என்ன? இங்கிலாந்தில் நிலமும் பாராளுமன்றப் பதவியும் பெற்றவர் பின்னர் அனைத்தையும் இழந்தார். 1810-இல் பாரிஸ் நகரில் வறுமையில் இறந்தார். வட்டியை அல்லாஹ் அழிக்கிறான் என்பதைக் கொடுத்தவரிடமும் காண்கிறோம், வாங்கியவரிடமும் காண்கிறோம்.

2012 ஜனவரி 16-ஆம் நாள் கலஸ் மஹாலில் தீப்பிடித்தது. இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் நின்ற மர உத்திரங்கள் எரிந்து கூரை சரிந்தது. தீயணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் உயிர் துறந்தார். பின்னர்ப் பொதுப்பணித் துறையினர் பழைய முறைப்படியே சுண்ணாம்புச் சாந்து கொண்டு அதைச் செப்பனிட்டார்கள். பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே செயல்படத் தொடங்கியது. கட்டிடம் பிழைத்தது, கட்டியவரின் வீடாக மட்டும் அது திரும்பவில்லை.

ஏலத்திற்கு வராத கட்டிடம்

சேப்பாக்கத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், திருவல்லிக்கேணியில் பெரிய பள்ளிவாசல் இருக்கிறது. வாலாஜா பள்ளிவாசல் என்றும் அதை அழைப்பர். 1795-இல் வாலாஜா குடும்பத்தார் கட்டியது. மரமோ இரும்போ சேர்க்காமல் சாம்பல் நிறக் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. அது கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும் சொற்களை இயற்றியவர் நவாபின் அவையில் இருந்த ராஜா மக்கன் லால் என்னும் இந்து அறிஞர். அல்லாஹ்வை நினைவு கூர்வதே மிகப் பெரியது என்னும் பொருள்படும் அச்சொற்கள் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. அப்ஜத் கணக்கின்படி 'திக்ர்' என்பதற்கு 920, 'அல்லாஹ்' என்பதற்கு 66, 'அக்பர்' என்பதற்கு 223. கூட்டினால் 1209. அதுவே ஹிஜ்ரி ஆண்டு!

அந்தப் பள்ளிவாசலை ஒட்டித்தான் இலக்னோவின் ஃபிரங்கி மஹல் குடும்பத்து மாமேதை, பஹ்ருல் உலூம் அப்துல் அலீ (ரஹ்) அவர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்கள். நவாப் அவர்களை வரவேற்று, மத்ரஸா அமைத்துக் கண்ணியப்படுத்தினார். 1810-இல் வஃபாத்தான அவர்களின் நூல்கள் இன்றும் அரபி மத்ரஸாக்களில் பேசப்படுகின்றன.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பள்ளிவாசலும் அதே நவாப் குடும்பத்தின் பொருளால் கட்டப்பட்டதுதானே? உண்மைதான். உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ். எவருடைய எண்ணத்தையும் நாம் எடை போடுவதற்கில்லை. கடனாளி தர்மம் செய்வதைவிடக் கடனை அடைப்பதே முதற்கடமை என்று நம் ஃபிக்ஹு நூல்கள் தெளிவாகவே கூறுகின்றன. நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. மாளிகை ஒரு மனிதரின் சொத்தாக இருந்தது. ஆகவே கடன்காரர் அதைத் தொட முடிந்தது. பள்ளிவாசல் வக்ஃபு ஆகிவிட்டது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் கேட்டபோது, மூலப் பொருளை நிறுத்தி வைத்து அதன் பலனைத் தர்மமாக்கும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அது விற்கப்படாது; அன்பளிப்பாகத் தரப்படாது; வாரிசாகப் பங்கிடப்படாது என்பது ஸஹீஹ் புகாரியில் வரும் செய்தி. ஆகவேதான் 1859-இல் மாளிகை ஏலம் போனது. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்துக்கொண்டே இருந்தது. ஒரு மாளிகை அந்தக் குடும்பத்திடம் 91 ஆண்டுகள் தங்கியது. ஒரு பள்ளிவாசல் 200 ஆண்டுகளைக் கடந்தும் உம்மத்திடம் இருக்கிறது.

நம் வீட்டு வாசலில்

அன்பானவர்களே! இது நவாபின் கதை மட்டுமா? இன்று நம் மஹல்லாக்களில் எழும் வீடுகளைப் பாருங்கள். வளைகுடாவில் வியர்வை சிந்தும் சகோதரர் ஊரில் இரண்டு மாடி கட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் பளிங்குத் தளம் போட்டார் என்பதற்காக, இருக்கும் நகையை அடகு வைத்து நாமும் போடுகிறோம். கைப்பொருள் தீர்ந்த இடத்தில் வட்டி நுழைகிறது. வீடு குடிபுகும் நாளில் பிரியாணி மணக்கிறது. ஆனால், அந்த வீட்டின் பத்திரம் அந்த வீட்டில் இல்லை!

விசாலமான வீடு கூடாது என்று இஸ்லாம் சொல்லவில்லை. நல்ல மனைவி, நல்ல அண்டை வீட்டார், நல்ல வாகனம் ஆகியவற்றோடு விசாலமான வீட்டையும் மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியுள்ளார்கள். கடனும் ஹராமன்று. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தானபோது அவர்களின் போர்க்கவசம், குடும்பத்திற்காக வாங்கிய கோதுமைக்கு ஈடாக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. அந்தக் கோதுமை வாற்கோதுமை. அளவு முப்பது ஸாஉ. தேவைக்காகக் கடன், ஈடாகத் தமது சொந்தப் பொருள், வட்டி இல்லை. அந்தக் கடனையும் சேப்பாக்கத்தின் கடனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. அவருக்குக் கடன் இருக்கிறதா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஆம் என்றதும், உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று கூறிவிட்டார்கள். அக்கடனுக்கு நான் பொறுப்பு என்று அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்த பிறகே தொழவைத்தார்கள். நம் ஊர்களில் ஜனாஸா தொழுகைக்கு முன், மய்யித்தின் மகன் எழுந்து, என் தந்தையிடம் யாருக்கேனும் வரவேண்டியது இருந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்று அறிவிக்கும் வழக்கம் இருக்கிறதல்லவா? அந்த வழக்கத்தின் வேர் அந்த நாளில் இருக்கிறது. அந்த அறிவிப்பைச் செய்யும்போது மகனின் குரல் நடுங்காமல் இருக்க வேண்டுமானால், தந்தை உயிரோடிருக்கும்போதே கணக்கை எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆகவே இந்த ஜும்ஆவிலிருந்து வீடு திரும்பியதும் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு ஏட்டை எடுங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து எவ்வளவு வர வேண்டும் என்று எழுதுங்கள். மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் அதைக் காட்டுங்கள். உங்களுக்குத் தர வேண்டியவர் சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுங்கள் (2:280). வீடு கட்டும் எண்ணம் இருந்தால், கையில் உள்ளது எவ்வளவு என்று பார்த்து அறைகளைத் தீர்மானியுங்கள். அறைகளைத் தீர்மானித்துவிட்டுக் கடனைத் தேடாதீர்கள். பாகப் பிரிவினைக்கு முன் கடனும் வஸிய்யத்தும் தீர்க்கப்பட வேண்டும் என்பது அல்லாஹ்வின் சட்டம் (4:11) என்பதை வாரிசுகளுக்குச் சொல்லி வையுங்கள். இயன்றவர்கள் சிறு அளவிலேனும் ஒரு வக்ஃபை விட்டுச் செல்லுங்கள். நாம் போன பின்பும் அது நம்முடையதாக இருக்கும்.

அடுத்த முறை சென்னைக்குச் செல்லும்போது பிள்ளைகளைக் கடற்கரைக்கு மட்டும் அழைத்துச் செல்லாதீர்கள். சேப்பாக்கம் மாளிகையை வெளியே நின்று காட்டுங்கள். பிறகு வாலாஜா பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று, ஹவ்ளில் உளூச் செய்து, இரண்டு ரக்அத் தொழச் செய்யுங்கள். எது யாருடையது என்பதை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

வல்ல ரஹ்மான் நம்மைக் கடனின் சுமையிலிருந்தும் வட்டியின் தீமையிலிருந்தும் காப்பானாக! ஹலாலான பொருளில் நம் இல்லங்களை விசாலமாக்குவானாக! கடனின்றி அவனைச் சந்திக்கும் நற்பேற்றை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.